சிக்ஸர் அடித்தால் அவுட்

எங்கள் எஸ்டேட் மைதானத்தில் சிக்ஸர் அடித்தால் அவுட். சுற்றிலும் தேயிலை. பந்து தேடப் போகிறவர்கள் கொழுந்தை மிதித்துவிடுவார்களாம். எந்த மகராசன் போட்ட சட்டமோ! அதனால் சின்ன வயதிலிருந்தே பந்தைத் தரையோடு தரையாகத்தான் அடித்தேன். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஊட்டி, அருவங்காடு வரைக்கும் என் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அந்தப் பேச்சை நம்பி, கோயமுத்தூரில் நடந்த ஒரு கிரிக்கெட் அணித் தேர்வுக்குப் போனேன். விரிந்து கிடந்த மைதானத்தில் ஒரு தேயிலைச் செடி இல்லை. சுலபமான பந்துகளாகத்தான் போட்டார்கள். ஒன்றைக்கூடத் தூக்கி அடிக்கக் கை வரவில்லை.

தேர்வாளர் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, தூக்கி அடிக்கவே மாட்டீங்களா?" என்றார்.

"அடிச்சா அவுட்டுங்களே" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இன்றைக்கும் தேயிலை ஃபாக்டரியில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அதே மைதானம், அதே கைதட்டல். போன வாரம், கோயமுத்தூர்ச் சிரிப்பு நினைவுக்கு வந்த எரிச்சலில் ஒரு பந்தைத் தூக்கி விளாசினேன். அது பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய்த் தேயிலைக்குள் விழுந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அடி அடித்ததே இல்லை. ஆனால் அம்பயர் விரலைத் தூக்குவதற்கு முன்பே, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் வெளியே நடக்கத் தொடங்கியிருந்தேன்.