எட்டாவது குழியில் ஓர் உள்ளங்கை

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் வெளியே, தரை மட்டம் பார்க்கிற கருவியின் பெயரால் ‘ரசமட்டம்’ என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் தரைக்கு டைல்ஸ் பதித்தவர். படியோ மேசையோ தரையோ, எது கண்ணில் பட்டாலும் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவாமல் நகர மாட்டார். சரியாக இருந்தால் “ம்” என்பார். சரியில்லை என்றால் அதைச் சொல்லாமல் விட அவரால் முடியாது.

கல்யாணப் பேச்சு நடந்தபோது முதன்முதலாகப் பெண் வீட்டுக்குப் போனார். வருங்கால மாமனார் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன இடைவெளியில், கூடத்தின் மூலையில் குந்தித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டார். மாமனார் சொம்போடு வந்ததும், “இந்த மூலையில வாட்டம் தப்பா இருக்குங்க. கழுவி விட்டா தண்ணி இங்கதான் நிக்கும்” என்றார். புது வீடு அது. “பொண்ணைப் பாக்க வந்தாரா, வீட்டை விலை பேச வந்தாரா?” என்று மாமியார் கேட்டது இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் செல்லுபடியாகிறது. தண்ணீர் அந்த மூலையில்தான் நின்றது என்பதை மாமனார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

முழங்கால் தேய்ந்த பிறகு தொழில் அண்ணன் மகன் கைக்குப் போனது. வேலை நடக்கிற இடத்துக்கு இவர் போய் நின்றால் ஆட்கள் கைகால் உதறிப்போய் டைல்ஸை உடைக்கிறார்கள் என்று ஒருநாள் அவன் பணிவாகவே சொன்னான். “சித்தப்பா, நீங்க வீட்ல இருங்க. ஏதாவதுன்னா நானே கூப்பிடறேன்.” அவன் கூப்பிடவில்லை. இவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். சமையலறை மேடையைத் தடவினார். ஃப்ரிட்ஜின் ஒரு காலுக்கு அடியில் அட்டை செருகினார், மறுநாள் அதையே உருவினார். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். பக்கத்தில் நடப்பதற்கு விசாலமாக இருந்தது பேருந்துப் பணிமனையை ஒட்டிய நகராட்சி கோல்ஃப் மைதானம் ஒன்றுதான்.

பெரிய மனிதர்களின் மைதானம் இல்லை அது. ஒன்பதே குழி. முதல் குழிக்கு அடிக்கிற இடத்தில் புல் பிடிக்காததால் ரப்பர் விரிப்பு போட்டிருப்பார்கள். நான்காவதின் குறுக்கே ஒற்றையடிப் பாதை போகும். காய்கறிப் பையோடு வருகிறவர்கள் கடந்து முடிக்கும்வரை மட்டையை ஓங்கியபடி காத்திருக்க வேண்டும். ஆறாவதில் ஒரு மணல்குழி. அதில் மணலைவிடக் கூழாங்கல் அதிகம். ஆனாலும் கொடி நட்ட ஒவ்வொரு குழியைச் சுற்றியும் புல்லை ஒட்ட வெட்டி, பாய் விரித்தாற்போல் ஒரு தரை வைத்திருந்தார்கள். கிரீன் என்பார்கள் அதை. முதல் நாள் அந்தத் தரையில் உள்ளங்கையை வைத்ததுமே அவருக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. டைல்ஸ் பதித்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இது ஒவ்வொரு நாளும் வேறாக இருந்தது. காலையில் மந்தம், மத்தியானம் வேகம், மழைக்குப் பிறகு இடத்துக்கொரு மாதிரி.

அதற்குப் பிறகு ஆட்டமும் கற்றுக்கொண்டார், சுமாராக. ஆனால் அவருடைய உண்மையான வேலை வேறாகிவிட்டது. வாரக் கடைசியில் விடிந்ததும் மைதானத்தைப் பராமரிக்கும் புல்காரரோடு ஒன்பது குழியையும் சுற்றி வருவார். எங்கே ஈரம், எங்கே வழுக்கை, எந்த கிரீன் வேகம் என்று பார்த்து வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

அவர் மனைவிக்கு மருந்துக்கடைக் கவுன்டரில் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மைதானத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஆனபிறகு அவளும் ஒரு மட்டையை எடுத்தாள். மாத்திரை எண்ணுகிற கை. அலட்டிக்கொள்ளாது. இரண்டே வருடத்தில் அவரைவிட நன்றாக ஆடினாள். வருடத்துக்கு ஒருமுறை ஜோடிப் போட்டி நடக்கும். ஜோடிக்கு ஒரே பந்து. இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிற ஜோடிக்கு அந்தக் குழி. எந்த ஜோடி அதிகக் குழிகளை ஜெயிக்கிறதோ அவர்களுக்குக் கோப்பை. போன வருடம் அரையிறுதியில், ஐந்தாவது குழியருகே தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று அவளைப் பந்தோடு நிற்க வைத்துவிட்டுப் புல்காரரைத் தேடிப் போனார். திரும்பி வரும்போது நேரம் கடந்துவிட்டது என்று எதிர் ஜோடி ஜெயித்ததாக அறிவித்திருந்தார்கள்.

இந்த வருடம் இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவள் அதைப் பற்றி வாயைத் திறந்தாள்.

“என் வாழ்க்கையில நான் எதுலயும் ஜெயிச்சதில்ல. இதுல ஜெயிக்கணும்னு ஆசையா இருக்கு. நாளைக்கு நீங்க விளையாட வாங்க. பரிசோதனை பண்ண வராதீங்க.”

“நான் என்ன வேணும்னா பண்றேன்?”

“வேணும்னு பண்ணினா கூட மன்னிச்சிடுவேன். எங்க முதலாளியோட தங்கை என்னோட ஜோடி சேர கேட்டுக்கிட்டே இருக்காங்க. இந்தத் தடவையும் உங்க கை சும்மா இல்லைன்னா, அடுத்த வருஷம் அவங்களோடதான்.”

சரி என்றார். கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். மழை விட்டதும் புல்காரர் போன் செய்தார்.

“அண்ணே, வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறீங்களா? எட்டாவதுல கொடிய இடம் மாத்திருக்கேன்.”

“எங்க மாத்தின?”

அவர் கையிலிருந்து போனை அவள் வாங்கினாள். “தம்பி, அவருக்கு இன்னிக்கு லீவு. நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆட்டம் தொடங்கும் முன்பு யாரும் எதையும் தடவிப் பார்க்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் போனால் அவர் நேரத்துக்குத் திரும்பி வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

வாசல் பலகை அன்றைக்கு வெறுமையாக இருந்தது. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எதிர் ஜோடி, ஓய்வுபெற்ற வங்கி மேனேஜரும் அவருடைய மருமகளும். “என்ன ரசமட்டம், பலகையில ஒண்ணையும் காணோம்? எங்களை இருட்டுல விடறதுக்குத் திட்டமா?” என்றார் மேனேஜர்.

“அவரே இருட்டுலதான் வர்றார் சார். கவலைப்படாதீங்க” என்றாள் இவள்.

முதல் குழியிலிருந்தே அவருக்கு முள்மேல் நிற்பது போல இருந்தது. ஈரம் தெரிகிறது, எவ்வளவு ஈரம் என்று தெரியவில்லை. கை பைக்குள் புழுவாய் நெளிந்தது. காலால் உணர முடிகிறதா என்று நடையை மாற்றி மாற்றிப் பார்த்தார். “நொண்டறீங்களா மாமா?” என்று மேனேஜரின் மருமகள் இவரை விசாரித்தாள். “அவருக்குக் கால்லயும் கை முளைக்குது” என்றாள் மனைவி. கை இல்லாவிட்டால் என்ன, வாய் இருந்தது. மூன்றாவதில் புல் உயரம் என்றார், ஆறாவதில் மணலை வாரிவிடும் கட்டையைக் காணோம் என்றார். “பந்தைப் பாருங்க” என்று அவள் ஒவ்வொரு தடவையும் ஒரே குரலில் சொன்னாள். அப்படியும் ஆட்டம் நன்றாகத்தான் போனது. ஏழு முடிந்தபோது இவர்கள் ஒரு குழி முன்னால் இருந்தார்கள். எட்டாவதை ஜெயித்தால் ஒன்பதாவது தேவையே இல்லை. கோப்பை அவள் கைக்கு வந்துவிடும்.

எட்டாவது, தூரம் குறைந்த குழி. அவள் அடித்த பந்து கிரீனுக்குச் சற்று முன்னால் நின்றது. எதிர் ஜோடியின் பந்து தாண்டிப் போய்ப் பின்னால் உயர்ந்த புல்லுக்குள் விழுந்தது. இவர் பந்தை உயர்த்திப் போட்டார். விழுந்து உருண்டு கொடிக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டிய பந்து, விழுந்த இடத்தில் தழும்பை உண்டாக்கிவிட்டு ஒரு முழம் நகர்ந்து செத்ததுபோல் நின்றது. கொடிக்கு இன்னும் நாலைந்து காலடி தூரம் இருந்தது.

“ஏன் நின்னுது?” என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

மேனேஜரும் மருமகளும் புல்லை விலக்கிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மனைவி பந்துக்குப் பின்னால் குனிந்து பாதையைக் கணித்தாள். இதைப் போட்டால் முடிந்தது. அவர் கொடியின் அந்தப் பக்கம் போனார். அங்கே புல்லின் நிறம் ஒரு சாயல் கறுத்திருந்தது. மழை ஈரமென்றால் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும், இங்கே மட்டும் ஏன் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடியும்போது அவர் குந்தியிருந்தார். உள்ளங்கை தரையில் இருந்தது. இரண்டு முறை தேய்த்துவிட்டது. விரலிடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது.

நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டத்தின் நடுவே கிரீனைத் தேய்த்துச் சோதித்தால் அந்தக் குழி எதிராளிக்கு. இந்த விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மற்ற இருவரும் பார்க்கவில்லை. அவள் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள், எடுத்தாள். பிறகு குனிந்து பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு புல்பக்கம் போனாள்.

“சார், தேட வேணாம். இந்தக் குழி உங்களுக்கு. இவர் தரையைத் தேச்சுப் பாத்துட்டார்.”

மேனேஜர் நல்ல மனிதர். “பந்து விழுந்த தழும்பைச் சரி பண்ணியிருப்பார்மா. அதுக்கு அனுமதி உண்டே” என்றார்.

“தழும்பு அங்க இருக்கு சார். இவர் தேச்சது இங்க.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். “தேச்சுத்தான் பாத்தேன்” என்றார் அவர். ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாவதுக்கு நடக்கும்போது அவள் இரண்டடி முன்னால் போனாள்.

“எனக்கே தெரியலைம்மா. கை தானா போயிடுச்சு.”

“அது யாரு வீட்டுக் கை?”

அவர் அந்தக் கையை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாவதில் எதிர் ஜோடி ஐந்து அடியில் முடித்துவிட்டது. இவர்கள் நாலு அடித்திருந்தார்கள். ஐந்தாவது அவர் முறை. பந்துக்கும் குழிக்கும் ஒரு கட்டில் நீளம். போட்டால் சமன், இன்னொரு குழி ஆடலாம்.

“எப்படிப் போகும்?” என்று கேட்டார்.

“நேரா.”

“வலது பக்கம் வாட்டம் இருக்கிற மாதிரி தெரியுதே.”

“இல்ல. நேராத்தான் போகும். அடிங்க.”

தொட்டிருந்தால் நம்பியிருப்பார். தொடாத தரையைப் பற்றி யார் சொன்னாலும் அவருக்கு நெஞ்சில் இறங்காது. ஒரு விரல்கடை இடதுபக்கமாகப் பார்த்துத் தட்டினார். பந்து எந்தப் பக்கமும் வளையாமல் நூல் பிடித்த மாதிரி போய், குழியின் இடது விளிம்பை உரசிக் கடந்தது.

மேனேஜர் கை குலுக்கினார். மருமகள், “ஸாரிக்கா, இப்படி ஜெயிக்கணும்னு நினைக்கல” என்றாள். “எப்படி ஜெயிச்சாலும் கோப்பை ஒரே எடைதான். நல்லா துடைச்சு வை” என்றாள் இவள், சிரிப்பில்லாமல்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். அவர் சாவியைக் கதவில் நுழைக்காமல் எட்டாவது பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“போங்க” என்றாள். “போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. இல்லைன்னா ராத்திரி பூரா வீட்டுக்குள்ள நடப்பீங்க.”

அவர் கிட்டத்தட்ட ஓடினார்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“முதலாளி தங்கைகிட்ட சரின்னு சொல்லிட்டேன். அடுத்த வருஷத்துக்கு” என்றாள்.

கை ஒரு கணம் நின்றது. “சொல்லித்தானே இருந்த” என்றார். பிறகு, “எட்டாவதுக்கு அடியில குழாய் விரிசல் விட்டிருக்கு. திங்கக்கிழமை தோண்டறோம்” என்றார்.

“தெரியும். தோத்தது நான். தூக்கம் வராம இருக்கப்போறது அந்தக் குழாயை நினைச்சு நீங்க.” ஒரு சட்டையை உதறி மடித்தாள். “ஆனா அடுத்த வருஷம் போட்டியன்னிக்கு நீங்க விடியக்காலையில போய் எல்லா கிரீனையும் பாத்துட்டு வரணும். ஆட்டத்துக்கு முன்னாடிதானே, தப்பில்ல. எப்படி இருக்குன்னு வந்து எனக்குச் சொல்லணும்.”

“பலகையில எழுதறேன். படிச்சுக்கோ.”

“பலகையில எழுதினா மேனேஜரும் படிப்பார்.”

“எல்லாரும்தான் படிப்பாங்க. அதுக்குத்தானே பலகை.”

அவள் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கட்டின பொண்டாட்டிக்குக்கூட ஒரு வரி தனியாக் கிடையாது?”

“கட்டின புருஷன்னு நீ இன்னிக்கு நான் தேச்சதைக் கண்டுக்காம விட்டியா?” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கச் சட்டையை இன்னொரு தடவை உதறினாள். வெளியே மறுபடி தூறல் விழுகிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார்.