மீதி இடத்துக்குப் படம் போட்டவள்

அந்த அலுவலகத்தில் பதினொரு பேர். பத்துப் பேர் கட்டடம் வரைவார்கள். ஒருத்தி மட்டும் கட்டடத்தைச் சுற்றி மிஞ்சுகிற நிலத்தை வரைவாள். நடைபாதை, புல்தரை, மரம், உட்காரும் பெஞ்சு எல்லாம் அவள் பொறுப்பு. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்பது அவள் மேசை மேலிருந்த பலகையில் எழுதியிருந்த பதவி. அவள் போடும் கோடுகள் கணினியில் பச்சை நிறத்தில் தெரியும் என்பதால் சேர்ந்த வருடமே யாரோ விளையாட்டாகப் ‘பச்சை’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பதினேழு வருடம் கழித்து, புதிதாக வந்தவர்கள் அதுதான் நிஜப் பேர் என்று நினைத்து ‘பச்சை மேடம் அவர்களுக்கு’ என்று கடிதமே எழுதினார்கள். அவள் திருத்தவில்லை.

வேலை அவளிடம் எப்போதும் கடைசியில்தான் வரும். கட்டடம் எங்கே, வண்டி எங்கே, குழாய் எங்கே என்று எல்லாம் முடிவான பிறகு முதலாளி வந்து மேசையில் படத்தை விரிப்பார்.

“பச்சை, நாளன்னிக்கு குடுக்கணும். சுத்தி கொஞ்சம் மரம் போட்டுடு.”

போட்டுவிடுவாள். எந்த மரம் எவ்வளவு உயரம் போகும், எது வேரை அகலமாக விடும், எது இலையைக் கொட்டிச் சாக்கடையை அடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வரைந்த இடங்களை நேரில் போய்ப் பார்த்தது ரொம்பக் குறைவு. அதிலும் பாதி, திறப்பு நாளன்று படம் எடுப்பதற்காகக் கூட்டிக்கொண்டு போனது. மண்வெட்டி பிடித்ததே இல்லை.

இதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கணவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வருகிறவர்களுக்குக் கண் பார்வை சோதித்து, லென்ஸ் வெட்டி, பிரேமில் பொருத்துவது அவர் வேலை. மாடி வீட்டில் நாத்தனார். “என்ன வேலைம்மா பாக்குற, செடிக்குத் தண்ணி ஊத்துறதா?” என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். “இல்ல அக்கா, ஊத்துறவங்களுக்குப் படம் போட்டுக் குடுக்குறது” என்று இவளும் சளைக்காமல் சொல்வாள்.

அவள் நாற்பத்து மூன்றாவது வயதில் பதிவுக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழில் பதிவைப் புதுப்பிக்க இரண்டு வருடத்துக்கு நாற்பது மணி நேரப் பயிற்சி வேண்டும். அவள் கணக்கில் இருபத்திரண்டுதான் இருந்தது. ஐந்து வாரத்தில் மீதியை முடிக்காவிட்டால் படத்தில் கையெழுத்துப் போடும் உரிமை போய்விடும். முன்பெல்லாம் கணினியில் ஏதாவது ஒரு சொற்பொழிவை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, பக்கத்தில் வேலையைப் பார்ப்பாள். மணி நேரம் தானாக ஏறும். இந்த முறை விதியை மாற்றியிருந்தார்கள். இனி சேர்க்கும் மணி நேரத்தில் பாதியாவது நேரில் போய்க் கற்க வேண்டும்.

மொட்டைமாடித் தோட்டம் பற்றிய வகுப்பில் இடமில்லை. புது மென்பொருள் வகுப்பும் நிரம்பிவிட்டது. ஆள் சேராமல் கிடந்தது ஒன்றே ஒன்று: மழைநீரும் மண்ணும், மூன்று நாள் களப்பயிற்சி, பதினெட்டு மணி நேரம். இடம், குடிநீர் நிலையத்துக் கிடங்கின் பின்புறம். கீழே, ‘ரப்பர் பூட்ஸ் கொண்டு வரவும்’ என்று போட்டிருந்தது. கணக்கு சரியாக இருந்ததால் பதிவு செய்தாள்.

போய்ப் பார்த்தால் வகுப்பறையே இல்லை. தகரக் கூரைக்கு அடியில் பன்னிரண்டு நாற்காலி, எதிரே வெறும் நிலம். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வடிகால் பொறியாளர்கள். சொல்லிக்கொடுத்தவள் இவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். தொண்டை கட்டிய குரல். வணக்கம் சொன்ன கையோடு ஆளுக்கொரு மண்வெட்டியை நீட்டினாள்.

“முதல்ல குழி வெட்டுங்க. பேச்சு அப்புறம்.”

மதியத்துக்குள் அவளுக்குக் குழி டீச்சர் என்று பேர் விழுந்துவிட்டது.

இரண்டு பேருக்கு ஒரு குழி. பச்சைக்கு ஜோடியாக வந்தவர் ஒரு மருத்துவமனையின் பராமரிப்பு சூப்பர்வைசர். இடுப்பில் பெரிய சாவிக் கொத்து, குனியும்போதெல்லாம் குலுங்கும். குழியில் தண்ணீரை ஊற்றி ஊற விட வேண்டும். அப்புறம் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். பக்கத்துக் குழியில் தண்ணீர் நான்கு விரல் கட்டை இறங்கியது. இவர்கள் குழியில் அசையவே இல்லை.

“என்னங்க இது, நம்ம குழி மட்டும் பிடிவாதமா நிக்குது?” என்றார் சூப்பர்வைசர்.

குழி டீச்சர் எட்டிப் பார்த்தாள். “இந்த இடத்துல ரெண்டு வருஷம் லாரி நின்னுச்சு. மண்ணு அமுங்கிப் போச்சு. மேல பாத்தா ரெண்டும் ஒரே மண்ணுதான்.” பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “எழுதிக்கோங்க. தண்ணி இறங்க வேண்டிய இடத்துல வண்டி ஏறக் கூடாது. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கயிறு கட்டி மறிச்சிடணும்” என்றாள்.

பச்சை எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் மனம் வேறு எங்கோ இருந்தது. தான் வரைந்த புல்தரைகளில் எத்தனை இப்படி அமுங்கிய மண் மேல் கிடக்கிறதோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்றைப் பற்றியும் அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், கை கழுவும் குழாயடியில் சூப்பர்வைசர் கேட்டார்.

“நீங்க என்ன வேலைன்னே கேக்கலையே?”

சொன்னாள்.

“அப்ப ஒரு நாள் எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்களேன். ரெண்டு வார்டுக்கு நடுவுல ஒரு முற்றம் இருக்கு. மழை பேஞ்சா குளம். சக்கர நாற்காலியத் தூக்கிக்கிட்டுத்தான் போகணும். அதுக்குத்தான் என்னை இந்த வகுப்புக்குத் துரத்திவிட்டாங்க. எனக்குக் குழி வெட்டத் தெரிஞ்சிடுச்சு, அடுத்து என்ன பண்றதுன்னு தெரியலை.”

ஒரு சனிக்கிழமை போனாள். சிமெண்டு போட்ட சதுர முற்றம். நாலு பக்கமும் கூரைத் தண்ணீர் அங்கேதான் விழுந்தது. வெளியேற ஒரே ஒரு குழாய், அதுவும் உயரத்தில். நடுவில் சிமெண்டைப் பெயர்த்துக் குழி வெட்டிப் பார்த்தார்கள். அடியில் மண் நன்றாகவே இருந்தது. தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இரண்டு விரல் கட்டை இறங்கியது.

முதலாளியிடம் சொன்னபோது அவர் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“நமக்கு அது சின்ன வேலை, பச்சை. வேணும்னா உன் பேர்ல நீயே பண்ணிக்கோ. ஆபீஸ் நேரத்துல வேண்டாம்.”

அவள் பேரில் என்று அதுவரை ஒரு வேலையும் நடந்ததில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் கடையிலிருந்து கொண்டுவந்த பிரேம் ஒன்றின் திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டார்.

“தப்பாப் போனா யாரைக் கேப்பாங்க?”

“என்னைத்தான்.”

“அப்ப சரி, பண்ணு. இல்லன்னா தப்பு எங்கன்னு உனக்குத் தெரியவே தெரியாது.”

சிமெண்டை எடுத்துவிட்டு நடுவில் ஒரு சாண் ஆழத்துக்குத் தாழ்வாக ஒரு செடிப் பாத்தி, அதைச் சுற்றி சக்கர நாற்காலி தடையில்லாமல் போக மேடான பாதை. கூரைத் தண்ணீர் பாத்திக்குள் வந்து, மண்ணுக்குள் இறங்கிவிடும். இதுதான் திட்டம். நிர்வாகக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், தலைமை நர்ஸைத் தவிர.

“தண்ணி நிக்கிற மாதிரி நீங்களே பள்ளம் வெட்டுறீங்க. கொசு வந்தா என் நோயாளிங்கதானே படுத்துக் கிடப்பாங்க?”

“கொசு உருவாக ஒரு வாரமாவது தண்ணி நிக்கணும் சிஸ்டர். இது ஒரு நாள்ல வடிஞ்சிடும்.”

“ஒரு நாள்?”

“ஒரு நாள்.”

தலைமை நர்ஸ் அதைத் தன் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். பாதையின் வளைவையும் அவரே மாற்றச் சொன்னார். அகலமான நாற்காலி திரும்பாது என்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து உருட்டியே காட்டினார். பச்சை அன்றே படத்தைத் திருத்தினாள்.

ஆஸ்பத்திரி அமர்த்திய காண்ட்ராக்டரிடம் வேலை ஏழு வாரம் நடந்தது. அலுவலகம் போகும் முன் காலையில் ஒரு தடவை வந்து பார்ப்பாள். செடிகள் வேர் பிடித்தன. பாதை நன்றாக வந்தது. முதல் பெருமழை ஒரு செவ்வாய்க்கிழமை பெய்தது. வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்தில் போன் வந்தது.

“மேடம், ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேன்,” என்றார் தலைமை நர்ஸ். “மூணு நாள் ஆச்சு. ஒரு மூலையில தண்ணி அப்படியே நிக்குது. நான் ஸ்கேல் வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள். பாத்தியின் முக்கால்வாசி காய்ந்திருந்தது. கிழக்கு மூலையில் கணுக்கால் அளவு கலங்கல் தண்ணீர். மூன்று செடிகள் அழுகத் தொடங்கியிருந்தன. சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்த மூலைக்குத்தான் சுவர் ஓரமா வண்டி வர வழி இருந்துச்சு. காண்ட்ராக்டர் ஜல்லி வண்டிய ஒரு வாரம் தினமும் அங்கேதான் நிறுத்தினாரு. நீங்க காலையில வந்துட்டுப் போன அப்புறம் உள்ள வரும், மறுநாள் நீங்க வர்றதுக்குள்ள போயிடும்.”

தன் படத்தை விரித்துப் பார்த்தாள். மரங்களின் பேர், பாதையின் சரிவு, கல்லின் நிறம் எல்லாம் இருந்தது. வண்டி ஏறக் கூடாது என்று ஒரு வரி இல்லை. கயிறு கட்டி மறிக்கச் சொல்லி ஒரு கோடும் இல்லை. பயிற்சியில் எழுதிக்கொண்டது நோட்டிலேயே நின்றுவிட்டது.

“காண்ட்ராக்டர் மேல போட்டுடுங்க,” என்றார் சூப்பர்வைசர் தணிந்த குரலில். “வண்டிய விட்டது அவரு. நான் சாட்சி சொல்றேன்.”

“விடாதீங்கன்னு நான் சொல்லலையே.”

“அவருக்குத் தெரியாதா என்ன?”

“எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதலை.”

நிர்வாக அதிகாரியின் அறையில் தலைமை நர்ஸும் காண்ட்ராக்டரும் இருக்கும்போதே அதைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வண்டி எங்கே நிற்கலாம் என்று படத்தில் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை, மூலையைத் தோண்டி மறுபடி மண்ணை இளக்கித் தருகிறேன் என்றாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்த காண்ட்ராக்டர் கையில் விரித்து வைத்திருந்த பில்களை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “ஆளு நான் அனுப்புறேன்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

இயந்திரத்தை உள்ளே விட்டால் மறுபடி அமுங்கும். அதனால் கையாலேயே தோண்டினார்கள். நாலு பேர், மூன்று நாள், முழங்கால் ஆழம். ரப்பர் பூட்ஸோடு பச்சையும் கூடவே நின்றாள். இரண்டாம் நாள் அவளும் மண்வெட்டி பிடித்தாள். வேலைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவள் பக்கத்து மண்ணையும் அள்ளிப் போடச் சொன்னார்கள். மண்ணோடு மக்கிய இலையைக் கலந்து நிரப்பி, சோதனைக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி அளந்தார்கள். ஒன்றரை விரல் கட்டை. அதற்குமேல் இறங்கவில்லை.

அடுத்த மழையில் மறுநாள் மதியத்துக்குள் தண்ணீர் போய்விட்டது. தலைமை நர்ஸ் பாராட்டவில்லை. “இருபத்தி ரெண்டு மணி நேரம்,” என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த வாரமே வார்டு வாசலில் கிடந்த பெஞ்சு ஒன்றை எடுத்துப் பாத்தி ஓரமாகப் போடச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் நகர நிர்வாகம் ஆறு பள்ளி மைதானங்களில் தண்ணீர் தேங்குவதைச் சரிசெய்ய வடிவமைப்பாளர்களிடம் விண்ணப்பம் கேட்டது. சொந்தப் பொறுப்பில் முடித்த வேலை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது அவளிடம் ஒன்று இருந்தது. அந்த வேலையில் வந்த சிக்கலையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் அந்த ஜல்லி வண்டியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாள். கணவர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிற மாதிரி இருக்கே?”

“வேற சிக்கல் ஒண்ணும் வரலையேங்க.”

“பாதையில வளைவுன்னு எழுதேன்.”

எழுதவில்லை. வேலை அவளுக்குக் கிடைக்கவும் இல்லை. நாற்பது பேர் கொண்ட ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனது. அவள் பேர் இரண்டாவதாக நின்றது. அந்த அரைப் பக்கம் அவளை மேலே ஏற்றியதா கீழே இறக்கியதா என்று யாரும் சொல்லவில்லை. சில நாள் முகம் தொங்கிப் போயிருந்தது. நாத்தனார்கூட அந்த வாரம் கிண்டல் செய்யவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்த நிறுவனம், தூரமாக இருந்த இரண்டு சின்னப் பள்ளிகளைத் தங்களால் பார்க்க முடியாது என்று விட்டுவிட்டது. பட்டியலில் அடுத்து நின்றவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் வேலையை விடவில்லை. முதலாளியிடம் போய், இனி வாரத்தில் மூன்று நாள்தான் வருவேன் என்றாள். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

“போட்டிக்குக் கிளம்பிட்டியா?”

“இல்ல சார். உங்களுக்கு அது சின்ன வேலை.”

அவர் சிரித்துவிட்டார். மூன்று நாளுக்குச் சம்மதித்தார். அதற்கான கடிதத்தை அடித்தவர் ‘பச்சை மேடம்’ என்றே அடித்திருந்தார். கையெழுத்துப் போடும் முன் அவள் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தன் முழுப் பெயரை எழுதினாள்.

முதல் பள்ளியில் தலைமையாசிரியை அவளை மைதானம் முழுக்க நடத்திக் காட்டினார். ஓட்டப்பந்தயக் கோடு எங்கேயும் வளையக் கூடாது, கொடிக்கம்பத்தை நகர்த்தக் கூடாது, வேப்பமரத்தைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“இவ்வளவையும் விட்டா மீதி எங்க இருக்கு, எதுல வேலை பண்ணுவீங்க?” என்று கடைசியில் அவரே கேட்டார்.

“முதல்ல மண்ணைப் பாப்போம் மேடம்,” என்றாள். கேட்டுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் ஓடாத இடமாகப் பார்த்துக் குழி வெட்ட ஆரம்பித்தாள்.