ஏரோதுவின் வீட்டு வழியாக

இந்த ஸ்காட்லாந்துச் சிற்றூரில் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. ‘ஹவ் லவ்லி’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் புரிய ஒரு பிரசன்னத் திருநாள் தேவைப்பட்டது.

முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் என்னை இங்குள்ள தேவாலயத்தின் ஆராதனைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். குழந்தை இயேசுவைத் தேடி, நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து கிழக்கிலிருந்து மூன்று ஞானிகள், அதாவது சாஸ்திரிகள், வந்த திருநாளல்லவா, வேடமிட்டு, நட்சத்திரம் ஏந்தி ஊர்வலம் போகலாம் என்றேன். “ஹவ் லவ்லி!” என்றார் குழுத்தலைவி மார்கரெட். மறுநாளே கடைத்தெருவை நடந்து அளந்து, எங்கெங்கே நின்று பாடுவது என்று படம் வரைந்து கொண்டுபோய் நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இங்கே எந்தத் தெருவிலும் போகலாம். ஜனவரிக் குளிரில் என்னோடு வரத்தான் ஆளில்லை.

எஸ்தர் அக்காவிடம் போனில் புலம்பினேன். தமிழ்நாட்டில், பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துக் கோயிலில் ஆராதனைகளைத் திட்டமிடுவது அவள்தான். அங்கே ஆளுக்குக் குறைவில்லை, தெருவுக்குத்தான் குறை. எனக்கு நினைவு தெரிந்த நாள்முதல் எங்கள் நட்சத்திர ஊர்வலம் காலனி முனைத் தண்ணீர்த்தொட்டியோடு திரும்பிவிடும். அதற்கப்பால் பெரிய தெரு. அங்கே வேதாசலம் ஐயா வீடு. அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் உழைத்தது அவர் நிலத்தில். சாஸ்திரிகள் ஏன் தொட்டியோடு திரும்புகிறார்கள் என்று சின்ன வயதில் அப்பாவைக் கேட்டேன். “அவங்களுக்குக் கால் வலிக்குதுடா” என்றார்.

“உன் பிளான எனக்குக் குடுத்துடு” என்றாள் அக்கா.

“வம்பு வந்துடும்க்கா.”

“வந்தா நீயா வாங்கிக்கப் போற? அங்க குந்திகினு டீ குடி.”

மறுநாள் அவள் நேராக வேதாசலம் ஐயாவிடமே போனாள். “எங்க வேதத்துல சாஸ்திரிங்க மொதல்ல ராஜா அரமணைக்குத்தான் போறாங்கய்யா. இந்த ஊர்ல அரமணைன்னா உங்க வூடுதானே? நீங்கதான் ராஜாவா குந்தணும்.” அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, “எத்தினி மணிக்கு?” என்று கேட்டாராம்.

திருநாளன்று மாலை அங்கே இருட்டத் தொடங்கும்போது எனக்கு மத்தியானம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று வீடியோவில் பார்த்தேன். நட்சத்திரம் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியது. எவனாவது கத்துவானா, கல் விழுமா என்று திரையின் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பட்டுத்துண்டோடு நாற்காலியில் அமர்ந்திருந்த ஐயா, மூன்று சாஸ்திரிகளுக்கும் சால்வை போர்த்தினார். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. ஞாயிறன்று தேவாலயத்தில் மார்கரெட்டிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். “இவர்தான் அந்த ராஜா, ஏரோது.” “ஹி லுக்ஸ் சோ ப்ரௌட்!” என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கிய வாரம் அக்கா அழைத்தாள். கிறிஸ்தவப் பள்ளியில் படித்த ஐயாவின் மருமகள், ஏரோது யார், குழந்தை இயேசுவைத் தீர்த்துக்கட்ட ஊரிலிருந்த பச்சைக் குழந்தைகளையெல்லாம் எப்படி வெட்டச் சொன்னான் என்பதை மாமனாருக்குச் சொல்லிவிட்டாளாம். அவர் விறுவிறுவென்று தொட்டியைத் தாண்டி, வாழ்நாளில் முதல்முறையாகக் காலனிக்குள் நடந்து வந்திருக்கிறார்.

“கொலகாரன் வேஷமாடீ குடுத்த எனுக்கு?”

“மனந்திரும்பத்தான் லெந்து வச்சிகீறோம், குந்துங்கய்யா” என்று கோயில் வாசலில் நாற்காலி போட்டு டீ கொடுத்தாளாம் அக்கா. நின்றபடி முறைத்தவர், டீ ஆறிப்போகும் என்றதும் உட்கார்ந்தார். குடித்து முடித்துவிட்டு, “வர்ற வருசம் நல்ல வேஷமா குடு” என்றாராம்.

“சாஸ்திரிங்களோட ஒட்டகத்துக்குப் பின்னங்கால் வேஷம் காலியா கீதுய்யா.”

ஐயா கொஞ்சம் யோசித்தார். “ஏன், முன்னங்கால் இல்லியா?”

வரும் திருநாளுக்கான பட்டியல் இரண்டு ஊரிலும் தயாராகிறது. அக்கா தன்னுடையதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மூன்றாவது சாஸ்திரியின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். வீடியோவைப் பார்த்தபின் இங்கேயும் ஊர்வலத்துக்குச் சம்மதித்துவிட்ட மார்கரெட்டும், கிழக்கிலிருந்து வந்தவன் என்று, அதே இடத்தை எனக்கே வைத்திருக்கிறார். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் என் பெயரை எழுதியிருக்கிறேன், பென்சிலால்.