இரண்டு தாய்மாமன், இரண்டு ஃபேடர்

கடலூர் முதுநகரில் மைக் செட் வைத்திருக்கும் விஜயகுமாரைப் போல ஒரு கிறுக்கனை நான் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாக அவன் பெட்டிகளை என் டெம்போவில் ஏற்றி இறக்குகிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். போன வருஷம் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஸ்டுடியோ மிக்ஸரைத் தூக்கி வந்து பிரித்துப் போட்டான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுவோமே, ஃபேடர், அதில் ஒவ்வொன்றுக்கும் குட்டி மோட்டார் இருந்தது. தீப்பெட்டி அளவில் மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கம்ப்யூட்டரை மாட்டி அவற்றைத் தானாக நகர வைக்க ஆறு மாசம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான்.

அவன் மனைவி ஜோதிலட்சுமிக்கு வேறு கவலை. மகள் சிந்துஜாவுக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன்கள், நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடும் சுப்புராயனும் சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அவர் தம்பி தாண்டவராயனும், மூன்று வருஷமாகப் பேசுவதில்லை. ஏதோ கல்யாண பேனரில் தம்பியின் தலை அண்ணன் தலையைவிடப் பெரிதாக அச்சாகிவிட்டதாம். அடச் சீ, ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார்கள்!

"ரெண்டு பேரும் வந்தாத்தான் காதுகுத்து. இல்லன்னா எம்பொண்ணு மூளியாவே இருக்கட்டும்" என்று ஜோதி அழுதாள்.

விஜயகுமார் தூது போனான். வலது காது அண்ணன் மடியில், இடது காது தம்பி மடியில் என்று முடிவானது. சீர்வரிசையை அவரவர் மைக்கில் அவரவரே வாசிப்பார்களாம்.

"அவன் சத்தம் என் சத்தத்தவிட ஒரு நூல் ஜாஸ்தியா வந்துச்சி, எழுந்து போயிடுவேன் மாப்ள" என்றார் சுப்புராயன். தம்பியும் அதையேதான் சொன்னான்.

நம்ம ஆளுக்குப் பொறி தட்டியது. இரண்டு மைக்குக்கு இரண்டு ஃபேடர். ஒன்றைத் தள்ளினால் மற்றதையும் மோட்டார் அதே உயரத்துக்குக் கொண்டுபோகும்படி புரோகிராம் எழுதினான்.

சிதம்பரத்து மண்டபத்தில் இருவரும் நேராக மிக்ஸர் மேசைக்கு வந்து, ஆளுக்கொரு ஃபேடரில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார்கள். "வெள்ளித் தட்டு ரெண்டு" என்று வாசித்தபடி அண்ணன் கொஞ்சம் ஏற்றினார். தம்பியின் ஃபேடரும் விரலோடு எழும்பியது.

"பாருங்க மாமா, அவரு என்னுத தள்றாரு!" என்று விஜயகுமாரிடம் கத்தினான் தம்பி.

"நான் எங்கடா தொட்டேன்?"

"பட்டுப் பாவாட" என்று தம்பி ஏற்ற, அண்ணனுடையதும் ஏறியது. இப்படியே போட்டி போட்டு இரண்டும் உச்சிக்குப் போக, ஸ்பீக்கர்கள் வீலென்று கத்தின. காது குத்த வந்த பத்தர் தன் காதைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் குறைக்கச் சொல்லிக் கத்த, "அவன மொதல்ல எறக்கச் சொல்லு" என்று நின்றார்கள் இருவரும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் டெம்போவில் ஏற்றியிருப்பேன்.

ஜோதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது நடுங்குறதப் பாருங்க. உங்க காலுல உழுறேன்."

இரண்டு ஃபேடரும் ஒன்றாகக் கீழே இறங்கின.

"எனக்கோசரமா எறக்குன?" என்றார் சுப்புராயன்.

"நீ எறக்குனியேண்ணே" என்றான் தாண்டவராயன். கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"பாத்தியா மச்சான், என் புரோகிராம!" என்று விஜயகுமார் என் தொடையில் கிள்ளினான். ஒருத்தர் இறக்கியதை மோட்டார் இருவர் கணக்கில் போட்டுவிட்டதே என்று எனக்கும் சிரிப்பு.

ஒயரைச் சுருட்டக் குனிந்தேன். மோட்டாருக்குக் கரண்டு போகும் பிளக் தரையில் கிடந்தது. அது சொருகியிருந்த ஓட்டையில் யாருடைய போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"நாந்தாங்க" என்றார் சமையல்காரர். "ஸ்பீக்கரு கத்துனப்பவே சத்தம் நிக்கும்னு புடுங்குனேன். அப்பவும் நிக்கல. சரின்னு போன சொருவிக்கிட்டேன்."

ஃபேடர் இறங்கும்போது மோட்டாரே ஓடவில்லை என்று விஜயகுமாரிடம் சொன்னேன். ஆறு மாச உழைப்பு, உடைந்துபோவான் என்று பயந்தேன். அவன் பிளக்கைப் பார்த்தான், மச்சான்களைப் பார்த்தான். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"ஜோதி! ஏ ஜோதி! என் மிஷினு வேலையே செய்யல!" என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டு மேடைக்கு ஓடினான்.