மூடிக்குள் விரல் விடும் பேராசிரியை

குழந்தையின் மூக்கை எத்தனை முறை துடைத்தால் போதும்? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

சளியை அடியோடு நிறுத்த மருந்து கேட்கலாம் என்று மகளைச் செங்கல்பட்டு டாக்டரிடம் அழைத்துப் போனேன். கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கோவளத்துக்காரர், கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை. பச்சைத் துப்பட்டா, பெரிய கண்ணாடி. தண்ணீர் குடிக்குமுன் பாட்டில் மூடிக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்தார்.

நான் விடாமல் துடைப்பதைப் பார்த்து, "இன்னாம்மா, மூக்கையே தேச்சு எடுத்துடுவ போல கீதே! கிருமிங்க ஒண்ணா ஒட்டிக்கினு பிசுபிசுன்னு வூடு கட்டிக்கும். கட்டிட்டா மருந்துகூட லேசுல உள்ள போவாது. ஒட்ட வுடாம அதுங்கள பிரிச்சு வைக்கிறதே சளிதான்" என்றார்.

"அப்போ துடைக்கவே வேண்டாமா, மேடம்?"

"ஒழுகறத தொடச்சிக்க. இப்ப என் துப்பட்டால தொடைக்கிறாளே, அவள மொதல்ல புடி!"

பிறகு மகளின் பாட்டிலைத் திறந்து மூடியைத் தடவினார். உள்ளிருந்த ரப்பர் வளையம் பிசுபிசுவென்று வழுக்கியது. "நான் சொன்ன வூடு இங்க கீது" என்று சிரித்தார்.

டாக்டரிடம் அந்த மருந்தைக் கேட்கவில்லை. சளி தானாகவே போய்விட்டது. ஆனால் இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும், என் மகள் அவர்கள் பாட்டில் மூடிக்குள் விரல் விட்டு, "வூடு கீதா?" என்கிறாள். தடுப்பதா, விடுவதா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.