'டி' போட்டால்தான் தோழியா?

போன வாரம் எங்கள் வீட்டில் நான்தான் குற்றவாளி. செய்த குற்றம்? அம்மாவை நாடகத்துக்கு அழைத்துப் போனது!

தர்மபுரிக்கு மெட்ராஸ் நாடகக் குழு வருவதே அபூர்வம். வந்தாலும் மாமியார் – மருமகள் சண்டை, இல்லையென்றால் துப்பறியும் இன்ஸ்பெக்டர். இந்த முறை, 'இரு பெண்களின் நாற்பது வருட நட்பு' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். விடுவேனா? மூன்று டிக்கெட். எனக்கு, அம்மாவுக்கு, அப்புறம் ரஷீதம்மாவுக்கு.

ரஷீதம்மா எங்கள் காம்பவுண்டில் எதிர் வீடு. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். அவருக்கும் அம்மாவுக்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவருக்கு அம்மா, 'சுமதிம்மா' (சுமதி நான்தான்). மகன் ரஷீதுக்கு ஓசூர் ஃபாக்டரியில் வேலை கிடைத்து, நாடகத்துக்கு அடுத்த வாரமே குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். பிரிவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நல்ல நாடகம் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். தப்பா?

சனிக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட ஹால். மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். தாவணியில் வந்த இரண்டு பேரும் இடைவேளைக்குப் பிறகு தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு கிழவிகளாக வந்தார்கள். (ஒருத்தி தும்மியதில் பத்து வயது குறைந்து போனது!) ஆனாலும், "என்னை விட்டுட்டுப் போறியாடி?" என்று அவள் கேட்டபோது ஹாலே மூக்கை உறிஞ்சியது.

எங்கள் வரிசையில்?

"ஜாக்கெட்டு முதுகுல சுருக்கம் பாத்தீங்களா, சுமதிம்மா?"

"கை கூட ஏறி இறங்கி இருக்குதுங்க, ரஷீதம்மா."

எனக்கு வந்ததே எரிச்சல்! திரும்பி நடந்து வரும்போது ஆரம்பித்துவிட்டேன்.

"அதுதான் ஃப்ரெண்ட்ஷிப்! நீங்க ரெண்டு பேரும் இருபத்திரண்டு வருஷமா வாங்க, போங்க... பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்ல. நேத்து குடி வந்தவங்க மாதிரி!"

"நம்ம பக்கத்துல அப்படித்தான பேசுவோம்?" என்றாள் அம்மா.

"பேச்சுல இவ்ளோ தூரம் வெச்சா மனசு எப்படி ஒட்டும்?" – பேசியது நானில்லை, என் பி.ஏ. டிகிரி.

காம்பவுண்ட் கேட் வந்தது. அம்மா நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"காலையில வூட்டுக்கு வாடி... மெகரு."

மெகருன்னிசா. ரேஷன் கார்டில் மட்டுமே இருந்த பெயர்! ரஷீதம்மா அம்மாவையே பார்த்தார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரஷீதம்மா வரவில்லை. திங்கள், செவ்வாயும் இல்லை. அம்மா குழாயடிக்குப் போனால் எதிர் வீட்டுக் குடம் திரும்பிப் போனது.

"மருவாதி இல்லாம பேச வெச்சுட்டியேடி பாவி! வண்டி ஏறிட்டாங்கன்னா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஓசூரு போயி மன்னிப்பு கேக்கறது?" எனக்கு மட்டும் 'டி' தாராளமாக விழுந்தது. அம்மா சரியாகச் சாப்பிடவும் இல்லை.

புதன்கிழமை நானே எதிர் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷின் சாக்கில் கட்டிக் கிடந்தது. "அத்தை, அம்மா மேல கோவமா? தப்பு என்னுதுதான்..."

"கோவமா? எனக்கா?" ரஷீதம்மா சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் காட்டினார். "நாலு நாளா இது முன்னாடி நின்னு சொல்லிப் பாக்கறேன் சுமதி. வாயில வரமாட்டேங்குது! அவங்க ஆசையா 'டி' போட்டுக் கூப்புட்டாங்க. நான் பதிலுக்கு 'ங்க' போட்டா தள்ளி வெச்ச மாதிரி ஆவாதா? அதான்... வரல."

கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். அம்மா வாசலில் முறத்தோடு நின்றாள். ரஷீதம்மா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"என்னா கமலா... நல்லாருக்கியாடிங்க?"

டிங்க!

அம்மாவின் கையிலிருந்து முறம் நழுவி, அரிசி வாசலெல்லாம் சிதறியது. இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டே அழுதார்கள். எந்த மேடையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பியபோது பழைய கதைதான். "போய்ச் சேந்ததும் லெட்டரு போடுங்க, ரஷீதம்மா." "போடறேங்க. ஜாக்கெட்டுத் துணிய வேற ஆருகிட்டயும் குடுத்துறாதீங்க, சுமதிம்மா."

எனக்குத்தான் இப்போது தலை சுற்றுகிறது. எது தூரம், எது பக்கம்? சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் நாங்கள் பன்னிரண்டு பேர். சேர்ந்த இரண்டாம் நாளே வாடி, போடி. கடைசி நாளில் கட்டிப் பிடித்து அழுத அழுகையில் வார்டனே பயந்து போனார். இரண்டு வருடம் ஆகிறது. வந்த தபால் ஒன்றே ஒன்று – அச்சடித்த கல்யாணப் பத்திரிகை. நானும் யாருக்கும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரிலிருந்து கார்டு நேற்றே வந்துவிட்டது. 'அன்புள்ள சுமதி அம்மா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, இண்டு இடுக்கெல்லாம் எழுத்து. அம்மா நாலு தரம் படித்துவிட்டாள்.

ஹாஸ்டல் தோழிகளே, உங்களில் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால்... ஒரு கார்டாவது போடுங்கடி!