எடுவார்டோவின் கெட்டிமேளம்

எடுவார்டோ ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் மண்டபத்தில் கெட்டிமேளம் அடித்தபோது பிக்கரிங்கில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. சரி, பிக்கரிங் கொஞ்சம் தூரம்தான். மண்டப வாசலில் நின்ற பத்துக் கார்கள் அலாரம் அடித்து அலறின. சரி, இரண்டு கார்கள். அதில் ஒன்று இரத்தினவேலுடையது. அது காற்றடித்தாலும் அலறும்.

எடுவார்டோ இப்போது இராஜேஸ்வரி வீட்டுச் சமையலறையில் இருந்து தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறார். வலது கைக்குக் கோப்பை, இடது கைக்குப் பிஸ்கட் டின், காலுக்கு மேசைக்கால். பஸ்ஸில் ஏறினால் முன் இருக்கையின் கம்பி. வைத்தியரிடம் போனால் தன்னுடைய நெஞ்சு. "உதை ஒருக்கா நிப்பாட்டும் பாப்பம்" என்று யாராவது அதட்டினால், மேசை சும்மாதானே நிற்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொடர்வார்.

வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது பிரேசிலில் ரெசிஃபே என்ற துறைமுக ஊர். தகப்பன் சலூன் வைத்திருந்தவர்; அவருடைய கத்தரிக்கோலின் சத்தத்தில்தான் தாளம் பழகியதாகச் சொல்லுவார். எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஐந்து பேர் கொண்ட ஜாஸ் குழுவோடு ரொறன்ரோ வந்தார். நாலு பேர் ஊர் திரும்பினார்கள். இவர் கொலிஜ் தெருவில் உடுப்புத் தோய்க்கிற கடையொன்றில் மெஷின் சுற்றுவதைக் கேட்டபடியே நித்திரையாகி விமானத்தைத் தவறவிட்டார். "அது ஏழு அடியில் சுற்றியது, அண்ணை. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது?" இவ்வளவையும் ஆங்கிலத்தில் சொல்லுவார், 'அண்ணை'யை மட்டும் தமிழில். ஆண், பெண், ஐயர், கைக்குழந்தை, எல்லாரும் அவருக்கு அண்ணைதான்.

இருபத்தாறு வருடங்களாக வியாழக்கிழமை தோறும் அதே தெருவில் ஒரு மதுக்கடையில் வாசிக்கிறார். சாப்பிட வந்தவர்களின் பேச்சைக் குழப்பாத ட்ரம்ஸ்காரர் என்று அங்கே பெயர். குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பிப் பிரஷ். அதுவும் போதாதென்று, அடியில் கம்பிச்சுருள் கட்டிய ஸ்நேர் ட்ரம்மின் மேல் தன் பேர்ஸைத் தூக்கி வைப்பார். தோலின் அதிர்வு அடங்கிவிடும். பேர்ஸுக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு இருக்கிறது. அதில் அவருடைய பெயர் பிழையாக அச்சாகியிருக்கிறது. வாசிக்கும்போது ட்ரம்ஸைப் பார்க்கவே மாட்டார். சாக்ஸஃபோன்காரரின் தோளைத்தான் பார்ப்பார். அவர் மூச்சு விட்டு முடிக்கும்வரை இவர் தன் அடியை முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

பகலில் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. அங்கேதான் வின்சன்ற் அவரைப் பிடித்தார். வின்சன்றிடம் கலியாணம், பிறந்தநாளுக்கெல்லாம் சினிமாப்பாட்டு வாசிக்கிற இசைக்குழு ஒன்று இருந்தது, ட்ரம்ஸ்காரர் இல்லை. சாப்பாட்டுத் தட்டுகளில் எடுவார்டோ தாளம் போட்டதைக் கேட்டு, அந்தச் சனிக்கிழமையே ஸ்காபரோவில் ஒரு பெண்பிள்ளை பெரிய பிள்ளையானதற்கான சாமத்தியச் சடங்குக்கு இழுத்துப் போனார். எதற்காக இந்த விழா என்று இடைவேளையில் விளக்கியதும் எடுவார்டோ எழும்பிப் போய் அந்தப் பிள்ளையின் முன்னால் குனிந்து வணங்க, பிள்ளை வெட்கத்தில் கேக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்குப் பெண்கள் மூன்றாம் முறையும் சோறு போட வந்தபோது, தட்டைக் கையால் மூடிக்கொண்டு "காணும், காணும்!" என்று கத்தினார். போதும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்; அவர் படித்த முதல் தமிழ்ச் சொல்லும் அதுதான். அதற்கு இன்றுவரை ஒருவரும் மதிப்புக் கொடுத்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்தது. அதற்கு மாதக்கணக்கில் முன்னதாகவே எங்கள் மண்டபங்கள் அடங்கிவிட்டன. சனம் எல்லாம் தெருவில் பதாகையோடு நின்றது. எடுவார்டோவும் வந்து நின்றார். ட்ரம் கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, "ஆள் வந்ததே காணும்" என்றார் வின்சன்ற்.

அந்த ஆவணியில் இராஜேஸ்வரியின் மகள் நிலக்சிக்குக் கலியாணம். நாள் முன்பே வைத்தது. இராஜேஸ்வரியின் தம்பி யுத்தம் நடந்த வன்னியில் இருந்தவர். வைகாசியோடு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கலியாண வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை.

"உந்த நேரத்தில நாதஸ்வரம், தவில் எல்லாம் என்னத்துக்கு? ஒரு சிடியைப் போட்டால் சரி" என்றார் இரத்தினவேல், இராஜேஸ்வரியின் கணவருக்குத் தமையன். போட்டுப் பார்த்தார்கள். கெட்டிமேளம் பதினொரு செக்கன்.

"எனக்கு உது காணாது" என்றார் இராஜேஸ்வரி.

"தாலி கட்டுறது மாப்பிள்ளை. உமக்கு என்னத்துக்கு நேரம்?"

இராஜேஸ்வரி சிடியை வெளியே எடுத்துவைத்தார். பிறகு வின்சன்றிடம் தனியாகச் சொன்னார்: "தம்பியை நினைச்சு நான் இன்னும் அழேல்லை. அழுதால் அவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரிப் போயிடும். தாலி ஏறேக்கை எனக்குத் தாங்காது, வின்சன்ற். என்ரை சத்தம் பிள்ளையின்ரை காதில விழக்கூடாது." தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ கேட்கக்கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம்.

கடைசி நேரத்தில் தவில்காரர் அகப்படவில்லை. வின்சன்ற் எடுவார்டோவிடம் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல சத்தமாக வேண்டும் என்று மட்டும் சொன்னார். மெதுவாக அடித்தே பெயர் வாங்கிய மனிதரிடம்!

மண்டபத்தில் இரத்தினவேல் அவருக்குப் பாடம் நடத்தினார். "நான் விரலை ஆட்டினால் அடியும். உள்ளங்கையைக் காட்டினால் நிப்பாட்டும். விளங்கிச்சோ?"

"ஓம், அண்ணை."

முகூர்த்தம் வந்தது. எடுவார்டோ ஸ்நேரின் மேல் கிடந்த பேர்ஸை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிரஷை வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தார். இரத்தினவேலின் விரல் ஆடியது. அடி விழுந்தது. ஐயரின் வாய் அசைந்தது, மந்திரம் கேட்கவில்லை. தாலி ஏறியது. அட்சதை விழுந்து முடிந்தது. இரத்தினவேல் உள்ளங்கையைக் காட்டினார். மேளம் நிற்கவில்லை. இரண்டு கைகளையும் காட்டினார். பிறகு சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் மாதிரிக் குதித்துக் குதித்து, "காணும்! எடுவார்டோ, காணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மண்டபம் சிரித்தது. புதுத் தாலியோடு நிலக்சியும் சிரித்தாள். அந்த வீட்டில் மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு.

அன்றிலிருந்து இந்தக் கதை கூடிக்கொண்டே போகிறது. இன்றைக்கும் தேநீர் ஆறுவதற்கு முன்பே இரத்தினவேல் தொடங்கிவிட்டார்.

"ஒன்பது நிமிசம்! அம்மாவாணை!"

"நாலு" என்கிறார் வின்சன்ற்.

"பாவம், நான் கை காட்டினது உவருக்கு விளங்கேல்லை."

எடுவார்டோ பிஸ்கட் டின்னைத் தட்டியபடியே தலையாட்டுகிறார். "ஸொரி, அண்ணை." ஜாஸ்காரர்கள் கையைத் தூக்கினால் இன்னொரு சுற்று அடி என்று அர்த்தமாம், ஆங்கிலத்தில் விளக்குகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கோப்பை கழுவிக்கொண்டு நின்ற இராஜேஸ்வரி தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்புகிறார்.

"சும்மா இருங்கோ, அத்தான். உந்தாளுக்கு முதல் தெரிஞ்ச தமிழே 'காணும்' தான். நீங்கள் கத்தினது வடிவாய் விளங்கினது. அவர் உங்களைப் பாக்கேல்லை, என்னைப் பாத்துக்கொண்டெல்லோ அடிச்சவர். நான் அழுது முடிச்சு, கண் துடைச்ச லேஞ்சியை மடிச்சு, இடுப்பில செருகினன். அதுக்குப் பிறகுதான் குச்சியைக் கீழ வைச்சவர்."